மூன்று மலையூர்கள், ஒரே பகல்

ஃபுளோரன்ஸிலிருந்து ஒரு நாளில் எத்தனை மலையூர்களைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மூன்று. நான்கைந்து ஊர்களை ஒரே பகலில் காட்டிவிடும் பேருந்துச் சுற்றுலாக்களும் உண்டு. அவற்றில் போய்வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், எந்த ஊரில் எந்தக் கோபுரம் என்றே குழம்பிப் போயிருப்பார்கள். மூன்று என்பதே நெருக்கம்தான். நண்பர்கள் நால்வராகப் போவதாக வைத்துக்கொள்வோம்; நால்வரும் காலையில் எழக்கூடியவர்களாக இருந்து, ஒருவர் ஓட்டத் தயார் என்றால் நடக்கும்.

காலையில் சான் ஜிமிஞானோ, நடுப்பகலும் பிற்பகலும் வொல்தெர்ரா, பொழுது சாயும்போது மொன்தெரிஜோனி. மூன்றும் டஸ்கனியில், ஃபுளோரன்ஸுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கின்றன. முழுச் சுற்றும் 200 கிலோமீட்டருக்குள் அடங்கும். சியனாவும் பக்கத்தில்தானே, அதையும் எட்டிப் பார்த்துவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவராவது கிளப்புவார். விட்டுக்கொடுக்காதீர்கள். சியனாவின் பேராலயத்துக்கே அரை நாள் போய்விடும். அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

வரைபடத்தை வைத்துத் திட்டமிடுபவர்கள் மொன்தெரிஜோனியை முதலில் போடுவார்கள். ஃபுளோரன்ஸ்–சியனா சாலையை ஒட்டியே இருப்பதால் அது சரியாகத்தான் தோன்றும். ஆனால் இந்தப் பயணத்தின் வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது தூரம் இல்லை, கூட்டம். சான் ஜிமிஞானோவுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் பத்து, பத்தரைக்கு மேல் வந்து குவியும். மாலை நான்கு மணிவரை முக்கியத் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அதே தெரு காலை எட்டரைக்கு உள்ளூர்க்காரர்களின் தெருவாக இருக்கும். வொல்தெர்ரா தள்ளி இருப்பதால் நடுப்பகலிலும் மூச்சுவிட இடம் கிடைக்கும். மொன்தெரிஜோனி கையளவு ஊர், மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அதன் மதில் எடுப்பாகத் தெரியும். இந்த மூன்றையும் மனதில் வைத்துப் போட்ட வரிசை இது.

கார்

நான்கு பேருக்குச் சிறிய காரே போதும். பெரிய வண்டி எடுத்தால் மலைச் சாலையில் எதிரே பேருந்து வரும்போதும், வாகன நிறுத்தத்தில் கோட்டுக்குள் நுழைக்கும்போதும் வருந்துவீர்கள். பெட்டிகளை அறையிலேயே விட்டுவிடுங்கள். நிறுத்திய காருக்குள் பை எதுவும் கண்ணில் படக்கூடாது.

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் ஊரிலிருந்தே எடுத்துவர வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருவார்கள், ஒரு வருடம் செல்லும். காரைத் தரும்போது யாரும் அதைக் கேட்காமல் விடலாம். வழியில் காவலர் நிறுத்தினால் கட்டாயம் கேட்பார். முன்பணத்துக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கியர் போடும் வண்டிதான் இங்கே வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும், கூடுதலாகவும் கேட்பார்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு வலப்பக்கம் ஓட்டுவது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ரவுண்டானாதான் கொஞ்சம் பதற்றம் தரும். ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முதல் உரிமை, அது உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

இருவர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் இரண்டாமவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனாலும் பெயர் இல்லாதவர் ஓட்டி எங்காவது உரசினால் காப்பீடு கைகொடுக்காது. குடி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு அதுவும் கிடையாது, பூஜ்யம். சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சா என்ற வெள்ளை ஒயின்தான் இத்தாலியில் பிறப்பிடச் சான்று பெற்ற முதல் ஒயின், 1966இல். ஓட்டுபவர் அதைப் பாட்டிலாக வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு இரவு அறையில் திறக்கட்டும். மற்ற மூவரும் அவர் எதிரில் கோப்பையோடு உட்கார்ந்து அதன் மணத்தை வர்ணிக்காமல் இருப்பது நட்புக்கு நல்லது.

காரை எங்கே எடுப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் நகர நடுவிலும் வாடகைக் கார் கடைகள் உண்டு, ஆனால் காலை எட்டு, எட்டரைக்குத்தான் திறப்பார்கள். அங்கிருந்து வெளியார் கார் நுழையக்கூடாத தடை வலயத்தில் சிக்காமல் வெளியே வருவதும் எளிதில்லை. முந்தைய மாலையே விமான நிலையத்தில் வண்டியை எடுத்துக்கொள்வதுதான் நான் சொல்லும் வழி. நகர நடுவிலிருந்து அங்கே டிராம் போகிறது. எடுத்த வண்டியை நகருக்குள் கொண்டுவராமல், ஏ-1 நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள வில்லா கொஸ்தான்சா வாகன நிறுத்தத்தில் இரவு விட்டுவிடுங்கள். அங்கிருந்து சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்துக்கு நேராக டிராம் உண்டு. இந்த நிறுத்தத்துக்கு நெடுஞ்சாலை வழியாக மட்டுமே கார் போக முடியும். ஆகவே நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது எடுத்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மறுநாள் வெளியேறும் இடத்தில் கேட்பார்கள்.

காலையில் ஃபிரென்சே இம்ப்ரூனேதா வெளிவாயிலில் இறங்கினால் சியனா போகும் நான்குவழிச் சாலை தொடங்குகிறது. சுங்கம் கிடையாது. வேகக் கேமராக்கள் உண்டு. ஒட்டுப்போட்ட பழைய சாலை என்பதால் வேக எல்லை அடிக்கடி மாறும், பலகையைப் பார்த்தபடி ஓட்டுங்கள்.

நுழையக்கூடாத தெருக்கள்

இத்தாலியில் கார் எடுப்பவர்கள் அதிகம் பணம் இழப்பது திருடனிடம் இல்லை, இசட்.டி.எல். எனப்படும் தடை வலயத்திடம். பழைய ஊர்களின் மதிலுக்குள் குடியிருப்போர் வண்டி மட்டுமே போகலாம். எல்லையில் சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டப் பலகையும் அதன் அருகில் ஒரு கேமராவும் இருக்கும். யாரும் தடுக்க மாட்டார்கள். உள்ளே போய், இடம் கிடைக்காமல் திரும்பி, மறுபடி நுழைந்தால் ஒவ்வொரு நுழைவும் தனிக் குற்றமாகக் கணக்காகும். மாதங்கள் கழித்து, பயணமே மறந்துபோன நேரத்தில், வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குத் தந்ததற்கான கட்டணத்தை முதலில் அட்டையில் எடுத்துக்கொள்ளும். அபராதத் தாள் அதற்குப் பிறகு வீடு தேடி வரும். சுவிட்சர்லாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ சொந்தக் காரில் வரும் நம்மவர்களும் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இதற்கு ஒரே வழிதான். கைபேசி வழிகாட்டியில் ஊர்ப்பெயரைப் போடாதீர்கள், வாகன நிறுத்தத்தின் பெயரைப் போடுங்கள். ஊர்ப்பெயரைப் போட்டால் அது உங்களை ஊர் நடுச் சதுக்கத்துக்கே இட்டுச் செல்லப் பார்க்கும். பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்தால் கேமரா இயங்குகிறது என்று பொருள். நிறுத்துமிடங்களில் நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு உங்களுக்கு இல்லை.

சான் ஜிமிஞானோ: எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை

போஜிபொன்சி வடக்கு வெளிவாயிலில் பிரிந்து, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும்போதே கோபுரங்கள் தெரியத் தொடங்கும். பி 2 மொந்தேமாஜோ என்ற நிறுத்தம் தெற்கு வாயிலான போர்த்தா சான் ஜொவான்னிக்கு மிக அருகில் இருக்கிறது. அதிகாலையில் இடம் கிடைக்கும், பதினொன்றுக்குக் கிடைக்காது. பி 1 மலிவு, ஆனால் கீழே தள்ளி இருக்கிறது.

ஊருக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பார்ப்பதற்கெல்லாம் அர்த்தம் வரும். ஐரோப்பாவின் வடக்கிலிருந்து ரோமுக்குப் போன யாத்திரைப் பாதை, வியா பிரான்சிஜெனா, இந்தக் குன்றின் மேல் ஓடியது. 990ஆம் ஆண்டு வாக்கில் ரோமிலிருந்து திரும்பிய கேன்டர்பரி பேராயர் சிஜெரிக் தான் தங்கிய ஊர்களைக் குறித்துவைத்தார், அதில் இந்த ஊரும் இருக்கிறது. யாத்திரிகர் வந்தார்கள், வணிகம் வந்தது, இங்கே விளைந்த குங்குமப்பூ நல்ல விலைக்குப் போனது. பணம் சேர்ந்த குடும்பங்கள் கோபுரம் கட்டின. போப் பக்கம் நின்ற குவெல்ஃப் கட்சி, பேரரசர் பக்கம் நின்ற கிபெலின் கட்சி என்று ஊர் இரண்டுபட்டிருந்தது. முதல் கட்சிக்கு ஆர்திங்கெல்லி குடும்பமும் இரண்டாவதற்கு சால்வுச்சி குடும்பமும் தலைமை. எதிராளியைவிட ஒரு முழமாவது உயரமாகக் கட்டுவதுதான் கௌரவம். நகராட்சி அரண்மனையின் கோபுரத்தைவிட உயரமாக எவரும் கட்டக்கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று நிற்பவை 14.

மிச்சம் இருப்பதற்குக் காரணம் வறுமை. 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரைக் காலி செய்தது. 1353இல் ஊர் ஃபுளோரன்ஸின் கைக்குள் போனது. யாத்திரைப் பாதையும் கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டது. ஃபுளோரன்ஸ் பணக்கார நகரம், ஆகவே தன் பழைய கோபுரங்களை வெட்டியும் இடித்தும் புது மாளிகைகள் கட்டிக்கொண்டது. இங்கே இடிக்கக்கூடக் காசில்லை. அப்படி உறைந்துபோன ஊரைத்தான் 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பத்து மணிக்கு முன் அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திறப்பதில்லை. குளிர்காலத்தில் இன்னும் தாமதம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்த ஊரில் கிடைக்கும் மிக நல்ல நேரம். போர்த்தா சான் ஜொவான்னியிலிருந்து மறுமுனை வாயிலான போர்த்தா சான் மத்தேயோ வரை கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். நடுவில் இரண்டு சதுக்கங்கள் ஒட்டி ஒட்டி வரும். ஒன்றில் 13ஆம் நூற்றாண்டுக் கிணறு, மற்றதில் பெரிய தேவாலயமும் நகராட்சி அரண்மனையும். கோபுரச் சுவர்களில் வரிசையாகச் சதுரத் துளைகள் தெரிகின்றனவா? மரக் கட்டைகளைச் செருகி வெளிப்புறத்தில் தளங்களும் பாலங்களும் அமைத்த இடங்கள் அவை. சுவர் அவ்வளவு தடிமனாக இருப்பதால் உள்ளே ஓர் ஆள் கையை விரித்து நிற்கத்தான் இடம் இருக்கும். வீட்டின் பாதி வெளியே மரத்தில் தொங்கியது.

இந்த நேரத்தில் வடமுனையில் உள்ள சான்த் அகோஸ்தினோ தேவாலயம் திறந்திருந்தால் விடாதீர்கள். பலிபீடத்துக்குப் பின்னால் பெனோசோ கொசோலி 1460களில் தீட்டிய புனித அகஸ்தீன் வரலாறு இருக்கிறது. முதல் சித்திரத்தில் சிறுவன் அகஸ்தீனைப் பள்ளியில் சேர்க்கிறார்கள், பக்கத்தில் வேறொரு சிறுவனுக்குப் பின்புறத்தில் அடி விழுகிறது. பெரும்பாலான கூட்டம் இவ்வளவு தூரம் நடந்து வருவதில்லை. தேவாலயங்களுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் போதும்.

பத்து மணிக்குப் பிரிந்துவிடுங்கள். நண்பர்களோடு போகும் பயணம் கெடுவது பெரும்பாலும் நால்வரும் நால்வரையும் இழுத்துக்கொண்டு அலைவதால்தான். ஒருவருக்குப் படியேற ஆசை, ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் ஓவியத்தின் முன் நின்றால் நகர மாட்டார், இன்னொருவருக்குக் கடை பார்க்க வேண்டும். ஊர் சிறியது, தொலைந்துபோக வழியில்லை. பதினொன்றேகாலுக்குக் கிணற்றடியில் என்று சொல்லிவைத்துக்கொண்டு அவரவர் வழியில் போகட்டும்.

படியேறுபவர் நகராட்சி அரண்மனைக்குப் போகலாம். 54 மீட்டர் உயரமுள்ள தோர்ரே குரோஸா கோபுரமும் அதே நுழைவுச்சீட்டில் அடங்கும். மற்ற கோபுரங்களைத் தலைக்கு மேலிருந்து பார்ப்பது வேறு அனுபவம். ஏறும் வழியில் இரண்டு அறைகளைத் தவறவிடக்கூடாது. 1300இல் ஃபுளோரன்ஸின் தூதராக வந்த கவிஞர் தாந்தேயின் பெயர் தாங்கிய மண்டபம் ஒன்று. லிப்போ மெம்மி 1317இல் தீட்டிய மாதாவின் அரியணைக் காட்சி அதன் சுவர் முழுதும் விரிகிறது. மற்றது ஊர்த்தலைவரின் தனியறை. அங்கே ஓர் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தொட்டியில் குளித்துவிட்டு ஒரே கட்டிலில் படுக்கப் போகும் சித்திரம் இருக்கிறது. எங்கும் சாமிப்படங்களாகவே பார்த்த கண்ணுக்கு அது ஒரு மாறுதல்.

படியேற முடியாதவருக்கு, தேவாலயத்தின் பின்னால் சற்று மேட்டில் உள்ள பழைய கோட்டைத் தோட்டம் இருக்கிறது. கட்டணம் இல்லை, கோபுரங்கள் எல்லாம் கண்ணெதிரே. ஓவியப் பிரியர் பெரிய தேவாலயத்துக்குள் போகட்டும். இடச்சுவர் முழுதும் பழைய ஏற்பாடு, வலச்சுவர் முழுதும் புதிய ஏற்பாடு. எழுத்தறியாத மக்களுக்கான வேதாகமம். உள்ளேயே புனித ஃபீனாவின் சிற்றாலயத்தில் கிர்லாந்தாயோவின் சித்திரங்கள் இருக்கின்றன. கடை பார்ப்பவர் வாங்கத்தக்க ஒன்று உண்டு. இந்த ஊர்க் குங்குமப்பூ, பொடியாக இல்லாமல் இழையாக, சிறு குப்பியில். சித்திரவதைக் கருவி அருங்காட்சியகங்களும் தோல்பைக் கடைகளும் எல்லா ஊரிலும் உண்டு, கடந்து செல்லுங்கள்.

வொல்தெர்ரா: ஒரு மணியிலிருந்து ஐந்தரை வரை

சாலை 30 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரம் பிடிக்கும். வளைவுக்கு மேல் வளைவு. வண்டியில் குமட்டல் வருபவரை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள், கைபேசியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மரங்கள் குறைந்து, களிமண் மேடுகளும் கோதுமை வயல்களுமாக நிலம் மாறும். வசந்தத்தில் பச்சை, அறுவடை முடிந்த ஜூலையில் வெறும் மண். 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்று பலமாக அடிக்கும், மே மாதத்திலும் ஒரு மேல்சட்டை வேண்டும். மார்தீரி தெல்லா லிபெர்தா சதுக்கத்துக்கு அடியில் உள்ள நிலத்தடி நிறுத்தம் வசதியானது.

முதலில் சாப்பாடு. இத்தாலியச் சமையலறைகள் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும், பிறகு இரவு ஏழரைக்குத்தான். ஆகவே ஒன்றேகாலுக்குள் மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஞாயிறு என்றால் உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள். பிச்சி என்பது கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ். மாவும் தண்ணீரும்தான், பொதுவாக முட்டை சேர்ப்பதில்லை. அல்யோனே என்ற பெரிய பூண்டும் தக்காளியும் சேர்த்த சாறோடு வந்தால் நம் நாக்குக்குப் பிடிக்கும். இறைச்சி சாப்பிடுபவர்களுக்குக் காட்டுப்பன்றிக் குழம்பு இந்தப் பகுதியின் பெருமை. சைவர்கள் 'சென்சா கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் சூப்பில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம், 'ப்ரோதோ' எதில் செய்தது என்று கேட்டுவிடுங்கள். 'ராகு' என்று எழுதியிருந்தால் அது இறைச்சிதான். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியான பெக்கொரீனோவை உறைய வைப்பது பெரும்பாலும் கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டி இரைப்பையின் சாறு. கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்ப்பார்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. சமையல்காரர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம், இங்கே அதுதான் வழக்கம்.

பில்லில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருக்கும். மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது, வாதாடிப் பயனில்லை. நால்வருக்கும் தனித்தனி பில் கேட்பதையும் விரும்ப மாட்டார்கள். கிளம்பும்போதே ஆளுக்கு ஒரு தொகை போட்டுப் பொதுப்பணமாக ஒருவரிடம் கொடுத்துவிட்டால் சாப்பாடு, வாகன நிறுத்தம், பெட்ரோல் எல்லாம் அதிலிருந்தே போகும். அந்த வேலையை ஓட்டுபவரிடம் கொடுக்காதீர்கள்.

சாப்பிட்டபின் பிரியோரி சதுக்கம். 1208இல் தொடங்கி 1257இல் முடிந்த பாலாட்சோ தெய் பிரியோரி, டஸ்கனியிலேயே மிகப் பழைய நகராட்சி மாளிகை. ஃபுளோரன்ஸின் பாலாட்சோ வெக்கியோ இதற்குப் பின்னால் வந்தது. கல்லை அருகில் போய்ப் பாருங்கள், கடற்சிப்பிகள் பதிந்திருக்கும். இந்த மலை ஒரு காலத்தில் கடலடி.

சான் ஜிமிஞானோவில் கண்ணில் படுவதெல்லாம் இடைக்காலம். வொல்தெர்ராவின் கணக்கு வேறு. ரோமர்களுக்கும் முன்னால் எத்ருஸ்கர்கள் இதை வெலாத்ரி என்று அழைத்தார்கள், ஏழு கிலோமீட்டர் மதில் எழுப்பினார்கள். இடைக்கால ஊர் அந்த வளையத்தின் ஒரு பகுதிக்குள் சுருங்கிக்கொண்டது. எத்ருஸ்கர் வாயிலான போர்த்தா அல்லார்கோ இன்னும் நிற்கிறது. வளைவில் மூன்று கல் தலைகள், முகமெல்லாம் காற்றில் தேய்ந்து உருண்டைகளாகிவிட்டன. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை இதை வெடிவைத்துத் தகர்க்க இருந்தது. ஊர்மக்கள் தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்து, ஒரே நாளில் வாயிலை அடைத்தார்கள். அடைபட்ட வாயிலை ஏன் தகர்க்க வேண்டும் என்று படை விட்டுவிட்டது. சதுக்கத்திலிருந்து அந்த வாயிலுக்கு இறங்கும் தெருவில்தான் அலபாஸ்டர் பட்டறைகள் இருக்கின்றன. உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு வேலை செய்யும் கைவினைஞரை வாசலிலிருந்தே பார்க்கலாம். வாங்குவதாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நரம்புகள் தெரிய ஒளி ஊடுருவ வேண்டும். ஜிப்சம் வகைக் கல் என்பதால் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவக்கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இங்கேயும் பிரிந்து செல்லலாம். ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் குவார்னாச்சிக்குப் போங்கள். மாரியோ குவார்னாச்சி என்ற குருவானவர் 1761இல் தன் சேகரிப்பை ஊருக்கே எழுதிக்கொடுத்ததில் பிறந்தது. எத்ருஸ்கர்கள் இறந்தவர் சாம்பலை வைத்த பேழைகள் அறை அறையாக இருக்கின்றன. மூடியின்மேல் இறந்தவர் விருந்தில் சாய்ந்திருப்பதுபோல் கையில் கிண்ணத்தோடு படுத்திருப்பார். மாலை நிழல் என்று பெயர் பெற்ற வெண்கலச் சிறுவன் சிலை அங்கேதான். அரை மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம், விரல் தடிமன் உடம்பு. திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகமே வேண்டாம் என்பவர் வடக்கு மதிலோரத் தெருவுக்குப் போகட்டும். கீழே ரோமானிய அரங்கம் முழுதாகத் தெரியும், மேலிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை. 1950களில் உள்ளூர் ஆய்வாளர் என்ரிக்கோ ஃபியூமி அதைத் தோண்டியெடுத்தார். தோண்டியவர்கள் இந்த ஊர் மனநல மருத்துவமனையின் நோயாளிகள்.

ஊரின் மேல்முனையில் மிரட்டும் கோட்டை ஒன்று தெரியும். 1472இல் படிகாரச் சுரங்கத் தகராறில் ஃபுளோரன்ஸின் படை இந்த ஊரைச் சூறையாடியது; கம்பளிக்குச் சாயம் ஏற்றப் படிகாரம் இல்லாமல் முடியாது, ஃபுளோரன்ஸின் செல்வமே கம்பளி. சூறையாடிய கையோடு, ஃபுளோரன்ஸைக் கையில் வைத்திருந்த லொரென்சோ மெதிச்சி கட்டியது இந்தக் கோட்டை, ஊரைக் காக்க இல்லை, ஊரை அடக்க. இன்றும் அது சிறைச்சாலைதான், உள்ளே போக முடியாது. 1988 முதல் அங்குள்ள கைதிகள் நடிக்கும் நாடகக் குழு இத்தாலி முழுதும் பெயர் பெற்றது.

காரை எடுத்துக்கொண்டு மேற்கே பத்து நிமிடம் போனால் லெ பால்ஸே என்ற செங்குத்துச் சரிவுகள். களிமண் சரிந்து சரிந்து எத்ருஸ்கர் கல்லறைகளையும் இடைக்காலத் தேவாலயம் ஒன்றையும் விழுங்கியிருக்கிறது. நேரமிருந்தால் போங்கள். இல்லையென்றால் வருந்த வேண்டாம்.

மொன்தெரிஜோனி: மாலை

கொல்லே தி வால் தெல்சா வழியாக முக்கால் மணி நேரம். அந்த ஊரின் மேல்பகுதியும் நல்ல பழைய ஊர்தான், ஆனால் நிற்காதீர்கள், மூன்று என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

மொன்தெரிஜோனியை 1213இலிருந்து 1219க்குள் சியனா கட்டியது. ஃபுளோரன்ஸைக் கண்காணிக்கும் காவல் நிலையம் என்று சொன்னால் சரியாக இருக்கும். 570 மீட்டர் சுற்றளவுள்ள வட்ட மதில், 14 கோபுரங்கள், எதிரெதிரே இரண்டு வாயில்கள், நடுவில் ஒரு சதுக்கம், ஒரு சிறு தேவாலயம். அவ்வளவுதான். தாந்தே நரகத்தின் குழியைச் சுற்றி இடுப்புவரை தெரிய நிற்கும் அரக்கர்களை இந்தக் கோபுரங்களோடு ஒப்பிட்டார். அவர் பார்த்த உயரம் இப்போது இல்லை. இவ்வளவு கெட்டியான மதில் கடைசியில் போரில் விழவில்லை. 1554இல் உள்ளே இருந்த படைத்தலைவனே, ஃபுளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவன், கதவைத் திறந்து எதிரியிடம் ஒப்படைத்தான்.

மதில்மேல் சிறிது தூரம் நடக்கலாம், கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். ஆகவே வந்ததும் அதை முடியுங்கள். பிறகு சதுக்கத்தில் ஒரு காபி. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. நாள் முழுதும் நடந்த கால்களுக்கு இங்கே உட்காரும் விலையைக் கொடுக்கலாம். அதன்பின் வாயிலுக்கு வெளியே இறங்கி மதிலின் வெளிப்புறத்தைச் சுற்றிவாருங்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே பார்ப்பதுதான் இந்த ஊரில் அதிகம். பலர் இதைச் செய்யாமலே திரும்பிவிடுகிறார்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்கே இருட்டத் தொடங்கும், அப்போது வொல்தெர்ராவிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஜூலையில் இங்கே இடைக்காலத் திருவிழா நடக்கும் நாட்களில் கூட்டமும் நுழைவுக் கட்டணமும் இருக்கும், தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கார் இல்லாமல்

பேருந்தில் மூன்று ஊரும் ஒரே நாளில் ஆகாது. சான் ஜிமிஞானோ மட்டும் எளிது. ஃபுளோரன்ஸிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ போஜிபொன்சி, அங்கிருந்து 130 என்ற எண்ணுள்ள பேருந்து. சீட்டை வெள்ளை 'டி' பலகை மாட்டிய புகையிலைக் கடையில் முன்பே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லை என்பார் பரிசோதகர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் மிகக் குறைவு. வொல்தெர்ராவுக்குப் பேருந்தில் போக ஆசைப்படுபவர்கள் அங்கே ஓர் இரவு தங்குவதே நல்லது.

திரும்பும் வழி

மொன்தெரிஜோனியிலிருந்து நான்குவழிச் சாலையில் ஃபுளோரன்ஸ் ஒரு மணி நேரத்துக்குள். காரை ஒப்படைக்கும் முன் டேங்கை நிரப்ப வேண்டும் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். 'பென்சீனா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். எதைப் போடவேண்டும் என்று டேங்க் மூடியிலேயே எழுதியிருக்கும். 'செர்வீத்தோ' என்ற பலகையுள்ள குழாயில் ஆள் வந்து நிரப்புவார், விலை அதிகம். இரவில் ஆள் இருக்க மாட்டார், நடுவில் உள்ள இயந்திரத்தில் முதலில் பணத்தைச் செலுத்தி, குழாய் எண்ணை அழுத்தி, நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரம் மீதிச் சில்லறை தராது. ஆகவே 50 யூரோ நோட்டை நுழைக்காமல், பொதுப்பணம் வைத்திருப்பவரிடம் பத்தும் இருபதுமாக வாங்கிக்கொள்ளுங்கள்.